ஏணி யார் வீட்டில்

வெள்ளையடிக்க வந்தவர்கள் விட்டுப்போனது.
பாக்கிக் கூலிக்காகத் திரும்பி வருவார்களென்று
மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்களாம்.
வரவில்லை.
மேஸ்திரியின் நம்பர் உபயோகத்தில் இல்லை.

ஏழு படி. அலுமினியம்.
நான்காவது கொஞ்சம் உள்வாங்கியிருக்கும்,
தெரிந்தவர்கள் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவுவார்கள்.
வில்லிவாக்கம் ஹவுசிங் போர்டில்
ஒருவர் எங்கள் பிளாக்கா இல்லையா என்று
அந்தத் தாவலை வைத்தே சொல்லிவிடலாம்.

குடிவந்த மூன்று மாதம்
நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.
பாரிமுனையில் பெயிண்ட் கடைக்குக் கணக்கெழுதுகிறவள்.
பற்று என்று ஒன்றை எழுதினால்
எதிர்ப்பக்கத்தில் வரவு எழுதியாக வேண்டும்.

ட்யூப்லைட் போன இரவு
நாற்காலிமேல் ஸ்டூல் போட்டு ஏறியவளை
ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஏகவல்லி கத்தினாள்:
"இன்னாம்மா, சாவறதுக்கா ஏர்ற?
ஏணி மெஹருன்னிசா வூட்ல கீது. போய் எத்துனு வா."

மெஹருன்னிசா வீட்டில் இல்லை.
யேசுராஜுக்குப் போயிருந்தது,
அவர் பரணில் பூனை குட்டி போட்டதால்.
யேசுராஜிடமும் இல்லை,
ஆனால் குட்டிகளைக் காட்டினார், மூன்று, கண் திறக்காதவை.
மாடி மாடியாகத் தட்டி
கடைசியில் என் எதிர்வீட்டிலேயே இருந்தது ஏணி,
படிக்கு ஒரு ஜோடி
பள்ளிக்கூட சாக்ஸ் காய்ந்துகொண்டு.

வெளிச்சம் வந்தபோது என்னிடம்
ஒரு கிண்ணம் சேமியா இருந்தது.
ஓட்டேரியில் அடுப்பு ரிப்பேர் செய்கிறவனின் நம்பர் இருந்தது.
முதல் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடக்கும்
பழைய சண்டையின் இரண்டு தரப்பும் இருந்தன.
எதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

ஏணியின் பின்னாலேயே மற்றவையும் நடமாடின.
ட்ரில் மெஷின்.
பத்துப் படி அரிசி வேகும் தவலை.
குழந்தைக்கு இளைப்பு வந்தால் வைக்கிற புகை மெஷின்,
அது போகும் வீட்டுக்கு
தூக்கம் கெட்ட நாலு பேரும் கூடவே போவார்கள்.
காசு கிடையாது.
துடைக்காமல் திருப்பித் தந்தால்
ஏகவல்லி வாயில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

கஜபதி மட்டும் எதையும் தொடமாட்டார்.
மூன்றாம் மாடி. ஐ.சி.எஃப்.பில் ரிடையர்டு.
"என்கிட்ட சொந்த ஏணி இருக்கு.
ஊர் ஏணிக்கு ஒருத்தனும் போல்ட் முடுக்கமாட்டான்."
அது உண்மையும்கூட.

ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை
பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு.
ஆம்புலன்ஸ் வந்தது, ஸ்ட்ரெச்சர் வந்தது,
பீரோவே நின்றபடிதான் ஏறும் எங்கள் மாடித் திருப்பத்தில்
ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை.
ஏணி என்று முதலில் சொன்னது யார்?
இன்றுவரை ஐந்து பேர் உரிமை கோருகிறார்கள்.
மெத்தை விரித்து
மெஹருன்னிசாவின் துப்பட்டாக்களால் அவரைக் கட்டி
கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கித் திருப்பினோம்.
முன்னால் யேசுராஜும் ஆம்புலன்ஸ் பையனும்,
பின்னால் ஏகவல்லி,
அவள் பக்கத்தில் நான்.
சண்டைக்கார முதல் மாடி
டார்ச் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கியது.

வலியில் முனகிக்கொண்டிருந்தவர்
இரண்டாம் மாடி வந்ததும் கண்ணைத் திறந்து
"டேய், அந்த நாலாவது படி... பாத்து" என்றார்.
அவருக்கெப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்கிற நேரமா அது.

அவர் வீட்டைப் பூட்டப் போனபோது பார்த்தேன்.
பரணில் ஒரு டிரங்குப் பெட்டி, ஸ்பானர் செட்.
ஏணி எதுவும் இல்லை.
நான் யாரிடமும் சொல்லவில்லை. இதோ, இங்கே தவிர.

இப்போது ஏணி என்னிடம்,
திங்கட்கிழமையிலிருந்து.
ஒட்டடை அடித்து முடித்தாயிற்று,
மீட்டர் பெட்டியருகே கொண்டுபோய் வைத்துவிடலாம்.
வைக்கவில்லை.
புதிதாக யாரோ ஏ-நாலில் குடிவந்திருக்கிறார்கள்,
ஃபேன் மாட்ட வேண்டியிருக்கும்.
கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வரட்டும்.
கேசரி கொஞ்சம் கூடுதலாகத்தான் கிண்டியிருக்கிறேன்.